தனிசாகியை எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: “ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிசாகியின் நிழல்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பழமையை நேசிக்கும் சாந்தமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்துக் கையில் கிடைத்தது ‘சாவி’ நாவல். திகைத்துப்போனேன். இப்போது அவர் துப்பறியும் கதைகளும் எழுதியவர் என்கிறார் நண்பர். குற்றம், பண்பாடு, முதுமை, கலை என்று நான்கு திசையில் எழுதிய ஒருவரை எந்த வரிசையில் படிப்பது? இவற்றை இணைக்கும் சரடு ஏதாவது உண்டா?”

சரடு உண்டு. என் பார்வையில் அது குற்றம்தான். இளமையில் துப்பறியும் கதைகள் எழுதிப் பார்த்தார், பிறகு அவற்றை விட்டுவிட்டுத் தீவிர இலக்கியத்துக்கு வந்துசேர்ந்தார் என்றுதான் பல அறிமுகங்கள் சொல்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. துப்பறிவாளர்களும் மர்ம முடிச்சுகளும் அவருடைய எழுத்திலிருந்து மறைந்தது உண்மை. ஆனால் கதை சொல்பவர் நம்மிடம் எதை மறைக்கிறார் என்ற கேள்வியும், கையில் ரத்தக்கறை படாமல் ஒருவர் இன்னொருவருக்கு எப்படிக் கேடு செய்ய முடியும் என்ற கேள்வியும் அவரைக் கடைசிவரை விடவில்லை. பண்பாட்டைப் பற்றி எழுதும்போதும், இசைக்கலைஞரைப் பற்றி எழுதும்போதும், எழுபத்தேழு வயதுக் கிழவரைப் பற்றி எழுதும்போதும் அந்தக் கேள்விகள் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886 ஜூலை 24 அன்று டோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில், வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா அச்சகம் நடத்திச் செல்வம் சேர்த்தவர். அப்பா காலத்தில் அது கரைந்தது. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கச் சேர்ந்து, கட்டணம் கட்டாததால் 1911இல் வெளியேற்றப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டே ‘பச்சை குத்துபவன்’ என்ற சிறுகதை வெளியாகியிருந்தது. அக்காலத்தின் முக்கிய எழுத்தாளர் நகாய் காஃபு அவரைப் பாராட்டி எழுதியதும் பெயர் பரவியது.

அந்தக் கதையிலேயே பின்னால் வரப்போகும் பலதும் இருக்கிறது. பச்சை குத்தும் கலைஞன் ஒருவன் ஒரு பெண்ணை மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, அவள் முதுகில் பெரிய சிலந்தியைக் குத்துகிறான். விழித்தெழும் அவள், உன்னைத்தான் முதலில் பலி கொள்வேன் என்கிறாள். கலை, உடல், வன்முறை மூன்றும் ஒரே ஊசிமுனையில் சேர்ந்துவிட்டன. எழுதியவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

இனி குற்றக்கதைகள். ஜப்பானியத் துப்பறியும் இலக்கியத்தின் தந்தை என்று எடோகாவா ரம்போவைச் சொல்வார்கள். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாக்குக்கு ஏற்ப வளைத்துப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். அவருடைய முதல் கதை வெளிவந்தது 1923இல். தனிசாகியின் குற்றக்கதைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. 1918இல் எழுதிய ‘பட்டப்பகலில் பேய்கள்’ கதையில் போவின் தங்க வண்டு கதையில் வரும் சங்கேத முறையே ஒரு கொலையை முன்கூட்டி அறியும் துப்பாகப் பயன்படுகிறது. நண்பர்கள் இருவர் பலகையின் ஓட்டை வழியாகக் கொலையை வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். போவை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் தனிசாகியின் தம்பி செய்ஜி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துக்கே போவின் மீது பற்று இருந்தது.

ஆனால் நீங்கள் தவறவிடக்கூடாதது 1920இல் வந்த ‘வழியில்’. சின்னக் கதை. டோக்கியோ தெருவில் வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கும் ஓர் அலுவலகக்காரரைத் தனியார் துப்பறிவாளர் ஒருவர் நிறுத்திப் பேச்சுக் கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். பேச்சு மெல்ல அந்த மனிதரின் முதல் மனைவியின் சாவைத் தொடுகிறது. அவள் டைஃபாய்டில் இறந்தவள். யாரும் கொல்லவில்லை. ஆனால் சாவதற்கு முன்பு அவள் என்னென்ன ஆபத்துகளைத் தாண்டி வந்தாள் என்று துப்பறிவாளர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார். கூட்டமான டிராமில் போனால் சளிக்காய்ச்சல் தொற்றும், பேருந்தில் போ என்றாரே கணவர். அந்தக் காலத்தில் விபத்து அதிகம் நடந்தது பேருந்துகளில் அல்லவா? அதிலும் முன்னால் உட்காரச் சொன்னாரே, மோதினால் முதலில் நசுங்குவது முன்புறம் அல்லவா? தண்ணீர் சரியில்லாத பகுதிக்குக் குடிபெயர்ந்தது யாருடைய யோசனை? ஒவ்வொன்றும் மனைவி மீது அக்கறையுள்ள கணவன் செய்யக்கூடியதுதான். எதையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஒன்று தப்பினால் இன்னொன்று, அதுவும் தப்பினால் வேறொன்று என்று சாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போனால் ஒருநாள் ஒன்று பலித்துவிடும்.

ரம்போ இதை நிகழ்தகவுக் குற்றம் என்று வகைப்படுத்திப் புகழ்ந்தார். 1925இல் தானும் ‘சிவப்பு அறை’யில் அதே உத்தியைக் கையாண்டார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது உத்தி அல்ல. அக்கறையும் கொலையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கலாம் என்பதை முப்பத்து மூன்று வயதில் இந்த மனிதர் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அவருக்குத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை. திருமணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆண்டு எழுதிய ‘நான்’ என்ற கதை மாணவர் விடுதியில் நடக்கும் திருட்டைப் பற்றியது. கதைசொல்லியை அறைத்தோழன் ஒருவன் சந்தேகிக்கிறான். அதன் திருப்பத்தைச் சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்க மாட்டேன். 1926இல் ஆங்கிலத்தில் வந்த ஒரு துப்பறியும் நாவல் இதே உத்தியால் பெரிய விவாதத்தைக் கிளப்பியது, தனிசாகி ஐந்து ஆண்டு முன்பே செய்துவிட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். முடித்ததும் உடனே முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். கதைசொல்லி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது தெரியும்.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவை அழித்த பெரும் நிலநடுக்கத்தின்போது அவர் ஹகோனே மலைப்பாதையில் பேருந்தில் இருந்தார். பிறகு குடும்பத்தோடு மேற்கே, கியோட்டோ, ஒசாகா, கோபே பக்கம் போனவர், தற்காலிகமாகப் போனதாக நினைத்தாலும் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். பழைய ஜப்பானை அவர் கண்டடைந்தது அங்கேதான். சென்ற கையோடு எழுதிய ‘நவோமி’ இன்னும் மேற்கத்திய மோகத்தைப் பற்றிய நாவல்தான். 1928-29இல் வந்த, ஆங்கிலத்தில் ‘Some Prefer Nettles’ எனப்படும் நாவலில்தான் மாற்றம் தெரிகிறது. மணமுறிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் தம்பதி, ஒசாகாவின் பொம்மலாட்டம், பழைய பாணியில் வாழ முடிவெடுத்த மாமனார். அந்த மாமனாருக்கு அறுபதுகூட ஆகவில்லை. ஆனாலும் கிழவர் வேடத்தை விரும்பி ஏற்று, இளம் துணைவிக்குப் பழைய உடை உடுத்தி, பழைய பாட்டுக் கற்றுக்கொடுத்து, அவளை ஒரு பாவைபோல ஆக்கிவைத்திருக்கிறார். மருமகன் அதைப் பார்த்து மெல்ல வசப்படுகிறான். பண்பாட்டுப் பற்று என்ற பெயரில் ஒரு பெண்ணை என்ன செய்கிறார்கள் என்பதைத் தனிசாகி மறைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

இந்தப் பின்னணியோடு ‘நிழல்களின் புகழ்’ கட்டுரைக்குத் திரும்புங்கள். 1933-34இல் இதழில் வந்தது. ஜப்பானிய பாணி வீட்டில் மின்கம்பியையும் எரிவாயுக் குழாயையும் எங்கே ஒளித்துவைப்பது என்ற வீடு கட்டுபவரின் கவலையோடு தொடங்குகிறது. நாரா, கியோட்டோ கோயில்களின் கழிப்பறைகளை இவ்வளவு காதலோடு வேறு யாரும் எழுதியதில்லை. கியோட்டோ உணவகம் ஒன்றில் மின்விளக்கை எடுக்கச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றவைத்து, அரக்குப் பாத்திரத்தின் கறுப்பு அந்தத் தள்ளாடும் வெளிச்சத்தில் எப்படி ஆழம் பெறுகிறது என்று எழுதும் பக்கம் நெஞ்சில் தங்கிவிடும். மூடியைத் திறந்ததும் கிண்ணத்தின் அடியில் அசையாமல் கிடக்கும் சூப்பின் நிறத்தைப் பிரித்தறிய முடியாத அந்தக் கணத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி. உணவைப் பற்றிய எழுத்தில் அதற்கு நிகராக நான் படித்தது குறைவு.

ஆனால் இதைக் கட்டடக்கலை மாணவர்கள் வேதநூலாகப் படிப்பதுபோல நீங்கள் படிக்க வேண்டாம். இது ஒரு நாவலாசிரியரின் குரல். பேசுபவர் ஒரு பாத்திரம். நாற்பத்தேழு வயதில் எழுதிக்கொண்டு, இதெல்லாம் கிழவனின் முணுமுணுப்பாக இருக்கலாம் என்கிறார் கடைசியில். முதுமையைத் தன் உடலில் வருவதற்கு முன்பே குரலில் வரவழைத்துவிட்டார். அவருக்கு வீடு கட்ட வந்த கட்டடக்கலைஞர், உங்கள் கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்றாராம். அந்த மாதிரி வீட்டில் என்னால் வாழவே முடியாது என்று தனிசாகி பதறினாராம். அவர் மனைவி சொன்னதாக ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் வரும் செய்தி இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தோலின் நிறத்தைப் பற்றி அக்கட்டுரையில் வரும் பகுதி இன்றைக்கு உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். இருளின் அழகைப் பேசிவந்தவர் அங்கே இனங்களை நிறத்தால் தரம்பிரிக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். மற்ற பக்கங்களின் அழகுக்காக அந்தப் பக்கத்தைக் கண்டும் காணாமல் தாண்டிவிடாதீர்கள்.

அதே 1933இல் வந்த குறுநாவல் ‘ஷுன்கினின் சித்திரம்’. கட்டுரையையும் இதையும் அடுத்தடுத்துப் படிக்கவேண்டும் என்பதுதான் இந்தப் பதிலில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. ஷுன்கின் ஒசாகாவின் மருந்து வணிகக் குடும்பத்துப் பெண். சிறுவயதில் பார்வையை இழந்தவள். கோட்டோ, ஷமிசென் என்ற தந்தி இசைக்கருவிகளில் மேதை. வேலைக்காரனாக வந்த சாசுகே அவள் கையைப் பிடித்துப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப்போகிறான். இரவில் இருட்டு அலமாரிக்குள் கண்களை மூடிக்கொண்டு தானாகவே ஷமிசென் பழகுகிறான். அவளுக்கு மாணவனாகிறான், வாழ்நாள் துணையாகிறான், ஆனால் ஒருநாளும் கணவன் என்ற இடத்தைக் கேட்பதில்லை. அவளோ மாணவர்களை அடித்தே கற்பிக்கும் கொடூரமான ஆசிரியை. ஒருநாள் இரவு யாரோ உள்ளே புகுந்து தூங்கும் அவள் முகத்தில் கொதிநீரை ஊற்றிவிடுகிறார்கள். என் முகத்தைப் பார்க்காதே என்கிறாள். சாசுகே ஊசியை எடுத்துத் தன் கருவிழிகளில் குத்திக்கொள்கிறான்.

முதல் வாசிப்பில் இது பக்தியின் உச்சம். இரண்டாவது வாசிப்பில் வேறொன்று தெரியும். கதைசொல்லி கையில் வைத்திருக்கும் ஆதாரம் ஷுன்கினைப் பற்றிய ஒரு சிறு வரலாற்றுப் புத்தகம். அதை எழுதவைத்தவன் சாசுகேவாகவே இருக்கவேண்டும் என்று அவரே ஊகிக்கிறார். கொதிநீரை ஊற்றியது யார்? நெற்றியில் காயம்பட்ட பணக்கார மாணவனா, போட்டி இசைக்கலைஞர்களா, தண்டிக்கப்பட்ட சிறுமியின் தகப்பனா? பட்டியல் நீள்கிறது, விடை இல்லை. ஜப்பானிய விமர்சகர்கள் சிலர் சாசுகேயையே குற்றவாளி என்று வாதிட்டிருக்கிறார்கள். அவள் அழகு மூப்படையாமல் அவன் மனதில் நிலைத்துவிட்டதால் லாபம் அடைந்தவன் அவன் ஒருவன்தானே என்பது அவர்கள் தரப்பு. எதிர்வாதங்களும் வலுவாகவே இருக்கின்றன. தனிசாகி தீர்ப்பு எழுதவில்லை. எழுதாததுதான் சரி என்று நினைக்கிறேன். இருள் அழகைத் தருகிறது என்று கட்டுரை சொல்கிறது. அந்த இருளை உண்டாக்க ஒருவன் எதுவரை போவான் என்று குறுநாவல் கேட்கிறது. கட்டுரையை மட்டும் படிப்பவர்களுக்கு அந்த இருட்டுக்குக் கொடுத்த விலை தெரியாமலே போய்விடுகிறது.

‘மகியோகா சகோதரிகள்’ பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. அது தனிப் பதில் கேட்கும் புத்தகம். ஒசாகாவின் நொடித்துப்போன வணிகக் குடும்பம், நான்கு சகோதரிகள், மூன்றாமவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம் மீண்டும் மீண்டும். தனிசாகியின் மூன்றாவது மனைவி மட்சுகோவும் அவர் சகோதரிகளும்தான் மாதிரி. 1943இல் இதழில் தொடங்கியதும் போர்க்காலத்துக்கு ஒவ்வாதது என்று ராணுவம் நிறுத்தியது. 1944இல் முதல் பாகத்தைச் சொந்தமாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். முழுமையாக முடிந்தது 1948இல். பெண் பார்க்கும் சடங்கின் நெளிவுசுளிவு நம் வாசகர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். அவருடைய நூல்களில் குற்றத்தின் நிழல் மிகக் குறைவாக விழுந்த பெரிய நாவல் இதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் சரடு இங்கே தளர்கிறது. அது அந்த நாவலுக்குக் குறையல்ல.

முதுமைக்கு வருவோம். இங்கேதான் அவர் யாரும் போகாத இடத்துக்குப் போனார். 1949-50இல் எழுதிய ‘படைத்தலைவர் ஷிகெமோட்டோவின் தாய்’ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹெயன் அரசவைக் காலக் கதை. எண்பதை நெருங்கும் பிரபு ஒருவர், விருந்தில் போதையும் பெருமையும் தலைக்கேற, தன் இளம் மனைவியையே அதிகாரம் மிக்க அமைச்சருக்குப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் முதல் அவளை மறக்க முடியவில்லை. பிணத்தைப் பார்த்து உடலின் அருவருப்பைத் தியானிக்கும் பௌத்தப் பயிற்சியில் இறங்குகிறார். இரவில் சுடுகாட்டுக்குப் போகும் தகப்பனைச் சிறுவன் பின்தொடர்கிறான். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாக இருக்காது. ஆனால் அந்தக் கிழவருக்குத் துறவு கைகூடுவதில்லை.

நீங்கள் படித்துத் திகைத்த ‘சாவி’ 1956இல் வந்தது. நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்ட அளவுக்குச் சர்ச்சை. ஐம்பத்தாறு வயதுப் பேராசிரியரும் நாற்பத்தைந்து வயது மனைவி இகுகோவும் தனித்தனியே நாட்குறிப்பு எழுதுகிறார்கள். மற்றவர் படிக்கவேண்டும் என்று எழுதி, படிக்கவில்லை என்று நடிக்கிறார்கள். மூலத்தில் கணவன் கதகானா எழுத்திலும் மனைவி ஹிரகானா எழுத்திலும் எழுதுவதால் பக்கத்தைப் பார்த்ததுமே யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். இதைக் காம நாவலாகப் படித்தவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். கணவருக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அவர் மாட்டிறைச்சி கேட்கிறார், மனைவி சமைத்துப்போடுகிறாள். அவர் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்ள விரும்புகிறார், அவள் இணங்குகிறாள். ஒவ்வொன்றும் கீழ்ப்படிதலுள்ள மனைவி செய்வதுதான். பக்கவாதம் வருகிறது, சாவு வருகிறது. பிறகு தன் நாட்குறிப்பில் எதெல்லாம் பொய் என்று அவள் எழுதத் தொடங்குகிறாள். தனக்கு ரத்தம் வந்ததாக எழுதியதுகூட அவரை உசுப்பிவிடத்தான்.

1920இன் ‘வழியில்’ கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அக்கறை என்ற போர்வையில் கணவன் மனைவியைச் சாவை நோக்கி நகர்த்தினான். இங்கே கீழ்ப்படிதல் என்ற போர்வையில் மனைவி கணவனை நகர்த்துகிறாள். முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் அதே குற்றம் திரும்பிவருகிறது. துப்பறிவாளர் மட்டும் இல்லை. அந்த வேலை வாசகரின் தலையில் விழுகிறது. அவளுடைய கடைசி வாக்குமூலத்தையும் ஏன் நம்பவேண்டும் என்ற கேள்வியோடு இரண்டாவது முறை படியுங்கள்.

1961-62இல் வந்த ‘பித்தேறிய கிழவரின் நாட்குறிப்பு’ அவருடைய கடைசிப் பெரிய படைப்பு. அப்போது அவருக்கே வலது கையில் கோளாறு; எழுத முடியாமல் சொல்லச் சொல்லச் செயலர் எழுதினார். நாவலில் நாட்குறிப்பு எழுதும் உட்சுகிக்கு எழுபத்தேழு வயது. கையில் நரம்புவலி, தூக்க மாத்திரைகள், ஊசிகள், கழுத்து இழுவைச் சிகிச்சை. மருமகள் சட்சுகோ முன்னாள் நடனக்காரி. அவளை நெருங்க அனுமதி கிடைப்பதற்காக மூன்று மில்லியன் யென்னுக்கு வைடூரிய மோதிரம் வாங்கித் தருகிறார். பெற்ற மகள் கடன் கேட்டால் கையை விரிக்கிறார். அவள் தன்னைப் பயன்படுத்திக்கொள்கிறாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிவதுதான் சுகம். கியோட்டோவில் கல்லறைக்கு இடம் தேடிப்போனவர், புத்தர் பாதச் சுவடுகளைக் கல்லில் செதுக்குவதுபோல் அவள் பாதங்களைச் செதுக்கி அதன் அடியில் புதையவேண்டும் என்று முடிவுசெய்து, அவள் உள்ளங்காலில் சிவப்பு மை தடவித் தடம் எடுக்கிறார்.

ஆபாசம் என்று ஒதுக்குவது எளிது. நான் ஒதுக்க மறுக்கிறேன். வயதானவர்களுக்கு ஆசை இருக்கக்கூடாது, இருந்தாலும் பேசக்கூடாது என்பதுதான் எல்லா ஊரிலும் எழுதப்படாத சட்டம். முதியவர்கள் இலக்கியத்தில் வந்தால் ஞானம் சொல்லவேண்டும், இல்லையென்றால் பரிதாபமாக இருக்கவேண்டும். உட்சுகி இரண்டும் செய்வதில்லை. ரத்த அழுத்த எண்ணையும் காம எண்ணத்தையும் ஒரே வரியில், ஒரே நேர்மையோடு எழுதுகிறார். தனிசாகியின் கதைசொல்லிகளில் வாசகரிடம் எதையும் மறைக்காத முதல் ஆள் இவர்தான் என்பது என் எண்ணம். மறைத்துக் காப்பாற்றிக்கொள்ள இனி அவரிடம் ஒன்றுமில்லை. நாவலின் கடைசியில் அவர் மயங்கி விழுந்தபின் நாட்குறிப்பு நின்றுபோகிறது. செவிலியின் அறிக்கை, மருத்துவரின் குறிப்பு, மகளின் பதிவு என்று மற்றவர்களின் வறண்ட மொழி வந்து அமர்கிறது. ஒரு மனிதரை அவருடைய வார்த்தைகளிலிருந்து பிடுங்கி நோயாளிப் பதிவேட்டில் வைத்துவிடுகிறார்கள். முதுமையில் உண்மையாகவே நடப்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய நாவல் வடிவம் எனக்குத் தெரியாது.

ஓர் எதிர்ப்பையும் பதிவுசெய்யவேண்டும். அவருடைய பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் கண் வழியாகவே தெரிகிறார்கள். சட்சுகோ இரவில் தனியாக என்ன யோசித்தாள் என்று நமக்குத் தெரியாது. ‘சாவி’யில் இகுகோவுக்கு நாட்குறிப்பு கிடைத்தது, அதனால்தான் அந்த நாவல் அத்தனை அபாயமானதாக இருக்கிறது. மற்ற பெண்களுக்கும் ஒரு நாட்குறிப்பு கொடுத்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

வரிசை கேட்டீர்கள். தமிழில் தேடிச் சிரமப்படுவதைவிட ஆங்கில மொழிபெயர்ப்புகளே உடனடி வழி. ஹோவர்ட் ஹிப்பட் மொழிபெயர்த்த ஏழு கதைகளின் தொகுப்பை முதலில் வாங்குங்கள், 1963இல் வந்தது. ‘பச்சை குத்துபவன்’, ‘ஷுன்கினின் சித்திரம்’, ‘திருடன்’ என்ற தலைப்பில் ‘நான்’ மூன்றும் அதிலேயே இருக்கின்றன. ஷுன்கினை முடித்த கையோடு நிழல் கட்டுரையை மறுபடி எடுங்கள். ‘வழியில்’ கதையைத் தேடிப்பிடித்துப் படித்தபின் ‘சாவி’யை இரண்டாம் முறை வாசியுங்கள்; முதல்முறை அதிர்ச்சி தந்த இடங்களில் இம்முறை வேறு விஷயங்கள் கண்ணில் படும். பிறகு கிழவரின் நாட்குறிப்பு. மகியோகா சகோதரிகளுக்கு ஒரு நீண்ட விடுமுறையை ஒதுக்கிவையுங்கள். முதல் நூறு பக்கங்களில் பெயர்கள் குழப்பும், சகோதரிகளின் வயது வரிசையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.